ஒற்றைக் கையா, இரு கையா? கௌபாய் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க மேற்கு எல்லைப் பகுதியின் துப்பாக்கி வீரர்களைப் பற்றி வெளியான கட்டுரையையும், அதையொட்டி இந்தப் பகுதியில் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கைத்துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகப் பயின்று வருபவன் என்ற முறையிலும், அந்தக் காலத்து வரலாற்றை ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையிலும், அக்கட்டுரை உறுதியாகச் சொன்ன இரண்டு செய்திகளை மறுக்க விரும்புகிறேன். நண்பகல் வெயிலில் தெரு நடுவே எதிரெதிரே நின்று, யார் முதலில் துப்பாக்கியை உருவுகிறார் என்பதை வைத்தே அங்கே உயிர்கள் தீர்மானமாயின என்பது ஒன்று. உண்மையான வீரன் ஒற்றைக் கையால் இடுப்பு மட்டத்திலிருந்தே சுட்டான், இரு கைகளாலும் பிடித்துக் கண்ணுக்கு நேரே உயர்த்திச் சுடுவது பிற்காலக் காவலர்களின் தயக்கத்தால் வந்த பழக்கம் என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் திரை தந்த கற்பனை. இரண்டாவது நடந்ததற்கு நேர்மாறானது. ஏனெனில் இன்று நாம் காணும் இரு கைப் பிடி பரவியதே, திரைப்படங்கள் கிளப்பிவிட்ட இடுப்புச் சுடுதல் மோகம் ஒரு போட்டி மைதானத்தில் தோற்றுப்போனதால்தான்.

தெருவில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட நிகழ்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெளிவாகப் பதிவான ஒன்று உண்டு. அதைக் கூர்ந்து பார்த்தாலே கட்டுரையின் வாதம் தளர்ந்துவிடும். 1865 ஜூலை 21 அன்று மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரச் சதுக்கத்தில், பின்னாளில் வைல்ட் பில் என்று புகழ்பெற்ற ஜேம்ஸ் பட்லர் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். சூதாட்டக் கடனுக்கு ஈடாக ஹிக்காக்கின் பாக்கெட் கடிகாரத்தை டட் எடுத்துக்கொண்டதும், அதை ஊரறிய அணிந்து நடக்கக் கூடாது என்று ஹிக்காக் எச்சரித்ததும், டட் அதைப் பொருட்படுத்தாமல் சதுக்கத்துக்கு வந்ததும்தான் தகராறு. நடந்தது நண்பகலில் அல்ல, மாலை ஆறு மணியளவில். இருவருக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 75 கஜம், அதாவது ஏறக்குறைய 70 மீட்டர். டட், இருவர் நேருக்கு நேர் நின்று மோதும் பழைய துவந்த யுத்த மரபுப்படி உடலைப் பக்கவாட்டில் திருப்பி நின்றார். ஹிக்காக் தம் ரிவால்வரை எடுத்து, மற்றொரு கையின் முன்னங்கை மீது தாங்கி, குறிபார்த்துச் சுட்டார் என்பதே நேரில் கண்டவர்கள் சொன்னதாக வரலாற்று நூல்கள் தரும் செய்தி. ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரு துப்பாக்கிகளும் வெடித்தன. டட்டின் குண்டு தவறியது, ஹிக்காக்கின் குண்டு விலாவில் பாய்ந்தது. அடுத்த மாதமே நடுவர் குழு ஹிக்காக்கை விடுவித்தது.

அந்தத் தூரத்தின் பொருள் சுட்டுப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும். ஒலிம்பிக்கில் இன்று கைத்துப்பாக்கிக்கு 10 மீட்டர், 25 மீட்டர் போட்டிகள் மட்டுமே உள்ளன. 2016 ரியோ வரை நடந்த 50 மீட்டர் போட்டி, மிகக் கடினமானவற்றில் ஒன்று என்று பெயர் பெற்றிருந்தது. அதையும் தாண்டிய தூரத்தில் அந்தக் காலத்து ரிவால்வரின் முன்குறியை, அதாவது குழல் நுனியில் உள்ள குறியை, கண்ணுக்கு நேரே பிடித்தால், பக்கவாட்டில் திரும்பி நிற்பவரின் உடல் அகலத்தை அதுவே கிட்டத்தட்ட மூடிவிடும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஒரு சாண் அளவே இடைவெளி உள்ள துப்பாக்கியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், குண்டு கால் மீட்டருக்கு மேல் விலகிப் போகும். இத்தகைய சுடுதலில் உறையிலிருந்து எவ்வளவு வேகமாக உருவினார் என்ற கேள்விக்கே இடமில்லை. நின்று, மூச்சை அடக்கி, கையைத் தாங்கி, விசையைச் சீராக அழுத்தியவர் பிழைத்தார். கட்டுரையாளர் எதைத் தயக்கம் என்று ஒதுக்குகிறாரோ அதுவே அன்று ஹிக்காக்கின் உயிரைக் காத்தது.

பிறகு எழுத்து தன் வேலையைத் தொடங்கியது. 1867 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் மாத இதழில் ஜார்ஜ் வார்டு நிக்கல்ஸ் எழுதிய கட்டுரைதான் ஹிக்காக்கை நாடறியச் செய்தது. தம் கையாலேயே நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றவர் என்று அது அவரை வருணித்தது. ஸ்பிரிங்ஃபீல்டிலேயே வெளிவந்த பத்திரிகை அக்கட்டுரையை எள்ளி மறுத்தது. ஆவணங்களைத் துருவிய பிற்கால வரலாற்றாசிரியர்கள் காணும் எண்ணிக்கையோ பத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆனால் மலிவு விலைக் கதைப் புத்தகங்களுக்கு வேண்டிய நாயகன் கிடைத்துவிட்டான். எல்லைப்புற வரலாறும் பொழுதுபோக்கும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டது திரைப்படம் வந்த பிறகு அல்ல. அந்த மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடந்துவிட்டது.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டையைக் கட்டுரையாளர் தம் முதன்மைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். ஓ.கே. கோரல் என்ற குதிரைக் கொட்டடியின் பெயரால் அது அறியப்பட்டாலும், உண்மையில் நடந்தது கொட்டடிக்குள் அல்ல. அதற்குச் சற்றுத் தள்ளி, புகைப்படக்காரர் ஃபிளை என்பவரின் விடுதியை ஒட்டியிருந்த குறுகிய காலி மனையில். சண்டை தொடங்கியபோது இரு தரப்புக்கும் இடையே சில அடிகளே இருந்தன. அரை நிமிடத்துக்குள் 30 குண்டுகள் வரை வெடித்தன. பில்லி கிளாண்டன், டாம் மெக்லாரி, ஃபிராங்க் மெக்லாரி ஆகிய மூவர் இறந்தனர். எதிரே காவல் தரப்பில் நின்ற விர்ஜில், மார்கன் ஆகிய இரு ஏர்ப் சகோதரர்களும் அவர்களின் நண்பர் டாக் ஹாலிடேயும் காயமடைந்தனர். ஹாலிடேயின் கையில் இருந்தது ஷாட்கன் என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கி. மற்றொரு சகோதரரான வயட் ஏர்ப் தம் துப்பாக்கியை இடுப்பு உறையில் அல்ல, கோட்டுப் பையில் வைத்திருந்தார். ஓரறை நீளத்துக்கும் குறைவான இடைவெளியில், பயிற்சியுள்ளவர்கள் சுட்ட அத்தனை குண்டுகளில் பல வீணாயின என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய கறுப்பு வெடிமருந்து வெடிக்கும்போது எழும் வெண்புகை முதல் சில வெடிகளிலேயே கண்ணை மறைத்துவிடும். புகையில்லா வெடிமருந்தை பிரான்ஸில் பால் வியேய் உருவாக்கியது 1884-இல்தான்.

அந்தச் சண்டைக்கான உடனடிக் காரணத்தைக் கட்டுரை சொல்லாமல் விட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. நகர எல்லைக்குள் ஆயுதம் தாங்கி நடமாடக் கூடாது என்ற நகராட்சி விதி டூம்ஸ்டோனில் நடைமுறையில் இருந்தது. நகரக் காவல் தலைவராக இருந்த விர்ஜில் ஏர்ப் அந்த விதியின்படி எதிர்த்தரப்பின் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யப் போனபோதுதான் வெடித்தது. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்ற அறிவிப்புப் பலகை தெருவிலேயே நின்றது. 1870களின் புகைப்படத்தில் அதை இன்றும் பார்க்கலாம். மாட்டு மந்தைகள் வந்து சேர்ந்த கான்சாஸ் நகரங்கள் ஐந்தில் 1870 முதல் 1885 வரை 45 கொலைகளே பதிவாகியுள்ளன என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ரா கணக்கிட்டுக் காட்டினார். மக்கள்தொகை மிகக் குறைவாக இருந்ததால் விகிதமாகப் பார்த்தால் இதுவும் மிகுதியே என்று அவரை மறுப்போர் உண்டு. அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. எனினும் நாள்தோறும் தெருவில் பிணம் விழுந்த ஊர்கள் என்ற சித்திரத்துக்கு இரு தரப்பிடமும் ஆதாரம் இல்லை.

புகழ்பெற்றவர்கள் எப்படி மாண்டார்கள் என்பதையும் பாருங்கள். தேடப்பட்ட குற்றவாளியான பில்லி தி கிட் 1881 ஜூலையில் ஃபோர்ட் சம்னரில், இருட்டறைக்குள் நுழைந்த வேளையில் ஷெரிஃப் பாட் காரெட் சுட்டு இறந்தான். கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸை 1882 ஏப்ரலில் அவன் கூட்டத்தைச் சேர்ந்தவனே, சுவரில் இருந்த படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுட்டான். ஹிக்காக் 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட்டில் சீட்டாட்ட மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபோது கொல்லப்பட்டார். ஜான் வெஸ்லி ஹார்டினும் 1895-இல் எல் பாசோவில் பின்னாலிருந்து சுடப்பட்டே இறந்தான். இவர்களில் ஒருவருக்கும் வேகமாக உருவும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒற்றைக் கையால் சுடுவது அந்தக் காலத்தில் பொதுவான முறையாக இருந்தது என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. ஆனால் அதற்கு வீரம் காரணமன்று, குதிரை காரணம். ரிவால்வர் முதன்மையாகக் குதிரைப் படையினரின் ஆயுதம். ஒரு கை கடிவாளத்தைப் பிடித்திருக்க, மற்றொரு கையால்தான் சுட்டாக வேண்டும். ராணுவக் கையேடுகள் அந்த முறையையே கற்பித்தன. குதிரைகள் போன பிறகும், இரண்டாம் உலகப் போர் வரையிலும், அமெரிக்கப் படை அதையே தொடர்ந்து கற்பித்தது. துவந்த யுத்த மரபு வேறொரு காரணத்தைச் சேர்த்தது: உடலைப் பக்கவாட்டில் திருப்பினால் எதிரிக்குத் தெரியும் பரப்பு குறையும், அப்படித் திரும்பி நிற்பவருக்கு ஒரு கையை நீட்டுவதே இயல்பு. இந்த இரண்டு முறைகளிலும் கை தோள் மட்டத்துக்கு உயர்த்தி நீட்டப்பட்டது என்பதையும், கண் குறியைப் பார்த்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஒற்றைக் கை என்பதும் இடுப்பிலிருந்து சுடுவது என்பதும் ஒன்றல்ல. கட்டுரை முழுவதும் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டிருக்கின்றன.

இடுப்பிலிருந்து சுடுவதற்கு அன்றும் இடம் இருந்தது. எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாரும் கையை நீட்டிக் குறிபார்க்க மாட்டார்கள். 1887 பிப்ரவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் துப்பாக்கி வீரர்களான லூக் ஷார்ட்டும் ஜிம் கோர்ட்ரைட்டும் சுட்டுக்கொண்டது அத்தகைய நெருக்கத்தில்தான். ஷார்ட் சுட்டதில் கோர்ட்ரைட்டின் கட்டைவிரலே சிதைந்தது. பிற்காலத்தில் ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும் தங்கள் அனுபவத்தைத் திரட்டி 1942-இல் வெளியிட்ட கையேட்டிலும், சில அடித் தூரத்தில் உடலோடு ஒட்டிய ஒற்றைக் கைச் சுடுதலை வலியுறுத்தினார்கள். அதே கையேட்டில் தூரம் கூடும்போது இரு கைகளாலும் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர்கள் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

இனி, இடுப்புச் சுடுதல் எப்படி மேற்கின் அடையாளமாக ஆயிற்று என்பதற்கு வருகிறேன். பஃபலோ பில் கோடி 1883-இல் நெப்ராஸ்காவின் ஓமஹாவில் தொடங்கிய வைல்ட் வெஸ்ட் காட்சிகள், எல்லைப்புற வாழ்க்கை முடிவதற்குள்ளேயே அதை மைதானத்தில் டிக்கெட்டுக்கு நடித்துக் காட்டின. வயட் ஏர்ப் தம் கடைசி ஆண்டுகளை லாஸ் ஏஞ்சலிஸில், திரைப்படக்காரர்களின் நட்பில் கழித்தார். 1929 ஜனவரியில் அவர் இறந்தபோது சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் டாம் மிக்ஸ், வில்லியம் எஸ். ஹார்ட் ஆகிய கௌபாய் நடிகர்கள் இருவரும் இருந்தனர். 1931-இல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு, நிதானமாகச் சுட்டவனே வென்றான் என்ற கருத்தை அவர் வாய்மொழியாகத் தருகிறது. துப்பாக்கி சுடும் ஆர்வலர்கள் அந்த வரிகளை வேதவாக்காக எடுத்தாளுவார்கள். என் வாதத்துக்கு அவை வலுச் சேர்ப்பவைதான். ஆயினும் அந்த நூலின் உரையாடல்களைத் தாமே அமைத்ததாக லேக் பின்னர் ஒப்புக்கொண்டிருப்பதால், அவற்றை நான் சான்றாகக் கொள்வதில்லை.

1950களில் இது தொலைக்காட்சிக்கு வந்தது. 1959 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் மட்டும் 25-க்கும் மேற்பட்ட கௌபாய் தொடர்கள் ஓடின. நடிகர்களுக்கு வேகமாக உருவக் கற்றுத்தந்த ஆர்வோ ஓஜாலா, உள்ளே உலோகத் தகடு வைத்த உறையை வடிவமைத்தார். உறைக்குள் இருக்கும்போதே, தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ரிவால்வரின் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கவும், தோட்டா அறைகள் கொண்ட உருளை தடையின்றிச் சுழலவும் அது வழிசெய்தது. இடுப்புக்குக் கீழே தொங்கி, தொடையில் கயிற்றால் கட்டப்பட்ட உறை திரைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட வடிவம். 1870களிலும் 1880களிலும் எடுக்கப்பட்ட படங்களில் உறை இடுப்பில் உயரமாக, துப்பாக்கி விழாதபடி ஆழமாக இருப்பதைக் காணலாம். குதிரையில் நாள் முழுதும் போகிறவனுக்கு வேகத்தைவிடத் துப்பாக்கி கீழே விழாமல் இருப்பதே முக்கியம். ஹிக்காக் தம் ரிவால்வர்களின் கைப்பிடி முன்னோக்கி இருக்கும்படி இடுப்பில் செருகியிருந்தார். எனவே தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடையில் கட்டிய தாழ்வான உறையோடு வெளியான படத்தின் கீழ் ‘1880களின் துப்பாக்கி வீரர்’ என்று அச்சிட்டிருப்பதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது பிற்கால நடிகரின் உடுப்பு.

தொலைக்காட்சி பார்த்தவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் உறையும் ரிவால்வரும் வாங்கி வேக உருவல் பழகினார்கள். உருவும் அவசரத்தில் தங்கள் காலிலேயே சுட்டுக்கொண்டவர்களும் இருந்ததால், மெழுகுக் குண்டும் வெற்று வெடியும் வைத்துப் போட்டி நடத்தும் வழக்கம் பிறந்தது. இந்தச் சூழலில்தான், கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி லெதர்ஸ்லாப் என்ற போட்டியைத் தொடங்கினார். இருவர் ஒரே நேரத்தில் நின்று, 21 அடித் தூரத்தில் 18 அங்குல அகலமுள்ள பலூன்களைச் சுட வேண்டும்; தம் வரிசையை முதலில் உடைத்து முடிப்பவர் வென்றவர். கூப்பர் உட்பட ஏறக்குறைய எல்லாரும் இடுப்பிலிருந்தே சுட்டார்கள். பலூன் பெரியது, தூரம் குறைவு, திரையில் காட்டியதும் அதுவே. வேகம்தான் எல்லாம் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் துணை ஷெரிஃபும் சுடுதளப் பொறுப்பாளருமான ஜாக் வீவர், ரிவால்வரை இரு கைகளாலும் பிடித்துக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறியைப் பார்த்துச் சுடத் தொடங்கினார். மற்றவர்கள் அவரைவிட முன்னதாகச் சுட்டார்கள். ஆனால் தவறவிட்டார்கள், மீண்டும் சுட்டார்கள், மீண்டும் தவறவிட்டார்கள். வீவர் சற்றுத் தாமதமாகத் தொடங்கி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பலூன் என்று உடைத்து முடித்தார். தொடர்ந்து அவரே வென்றதைக் கண்ட கூப்பர் தம் பழைய முறையைக் கைவிட்டு, வீவரின் முறையை ஆராய்ந்து, எழுதி, கற்பித்து உலகெங்கும் பரப்பினார். 1976-இல் மிசௌரியின் கொலம்பியாவில் சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1982-இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வீவர் நிலையைத் தன் பயிற்சியில் ஏற்றது. இரு கைப் பிடியைக் காட்டும் கையேடுகள் அதற்கு முன்பும் இருந்தன. ஹிக்காக் தாங்கிச் சுட்டதையும் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாரும் பார்க்க, கடிகார முள்ளோடு போட்டியிட்டு, அது இடுப்புச் சுடுதலை வீழ்த்தியது அந்தப் பலூன்களின் முன்தான். கௌபாய் தொடர்கள் இல்லாதிருந்தால் அந்த மோகம் இல்லை. அந்த மோகம் இல்லாவிட்டால் அந்தப் போட்டியும் இல்லை. திரைக்கு நாம் கடன்பட்டிருப்பது இந்த அளவில் மட்டுமே. அதைக் கட்டுரையாளர் கண்டிருந்தால் மிகச் சிறந்த கட்டுரை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

வீவர் நிலையில் குத்துச்சண்டை வீரரைப் போல ஒரு கால் முன்னே நிற்க, உடல் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சுடும் கை துப்பாக்கியை முன்னே தள்ளும், முழங்கை மடங்கிய தாங்கும் கை பின்னே இழுக்கும். இந்த எதிரெதிர் விசையில் துப்பாக்கி அசைவற்று நிற்கும், வெடித்தவுடன் குழல் மேலெழும்புவதும் குறையும். 1980களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் ஆகிய போட்டியாளர்கள் இரு கைகளையும் சமமாக நீட்டி, மார்பு நேரே இலக்கைப் பார்க்க நிற்கும் ஐசாசலிஸ் முறையால் வெற்றி மேல் வெற்றி பெற்றார்கள். இன்றுவரை ஆர்வலர்களிடையே இந்த வாதம் ஓயவில்லை. திடுக்கிட்ட மனிதன் தன்னையறியாமல் இரு கைகளையும் நேரே நீட்டுகிறான் என்பதும், குண்டு துளைக்காத கவசம் அணிந்த காவலர் பக்கவாட்டில் திரும்பினால் கவசம் மூடாத அக்குள் பக்கம் எதிரிக்குத் தெரியும் என்பதும் ஐசாசலிஸ் தரப்பின் வாதங்கள். குறுகலான இடத்தில் நடந்துகொண்டோ தடுப்பின் ஓரத்திலிருந்தோ சுடும்போது உடல் தானாகவே வீவர் நிலைக்கு வந்துவிடுகிறது என்பது மறுதரப்பின் பதில். என் கருத்தைக் கேட்டால், கவச வாதமே வலுவானது. இரு தரப்பும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றன: துப்பாக்கி கண்ணுக்கு நேரே வர வேண்டும்.

வரலாற்று உணர்வோடு சுட விரும்புவோருக்கும் இடம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் தெற்கு கலிபோர்னியாவில் பிறந்த கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்ற விளையாட்டில், கலந்துகொள்வோர் அந்தக் காலத்து உடையணிந்து, ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுத்துச் சுட வேண்டிய பழைய வகை ரிவால்வர்களால் அருகிலுள்ள எஃகுத் தகடுகளைச் சுடுகிறார்கள். ஆறு அறை உள்ள ரிவால்வரில் ஐந்தில் மட்டுமே தோட்டா. சுத்தியல் காலி அறையின் மேல் நிற்க வேண்டும் என்ற பழைய எச்சரிக்கை அங்கே இன்றும் விதி. ஒற்றைக் கையால், தாங்கலின்றிச் சுடுவோருக்குத் தனிப் பிரிவே உண்டு. இரு கைகளால் பிடிப்போருக்கும் பிரிவுகள் உண்டு. இரு கைப் பிடி காலத்துக்கு ஒவ்வாதது என்று ஒற்றைக் கைக்காரர்கள் சொல்வதும், ஹிக்காக்கைக் காட்டி மற்றவர்கள் மறுப்பதும் அவர்களிடையே வாடிக்கை. பிரிவுகளாகப் பிரித்து இரண்டுக்கும் இடம் தந்த அந்த அமைப்பின் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

நம் வாசகர்களுக்கு இந்த உலகம் அந்நியமானதன்று. சிவகாசியிலிருந்து வரும் கௌபாய் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். இயக்குநர் கர்ணனின் படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்ததை ஒரு தலைமுறை கொண்டாடியது. அவற்றை நானும் விரும்பியே பார்த்தேன், இன்றும் விரும்புகிறேன். கதையில் நாயகன் இடுப்பிலிருந்து சுட்டால் அதில் குறையொன்றும் இல்லை. குறை, நாளிதழ் அதை வரலாறு என்று அச்சிடும்போதுதான்.

கடைசியாக, ஏர் பிஸ்டல் என்ற காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தம் மகளுக்கு இரு கைப் பிடியைக் கற்றுத்தரலாமா என்று இப்பகுதியில் கேட்டிருந்த வாசகருக்கு ஒரு விளக்கம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் துப்பாக்கியை ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும், மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் போட்டியிலும் அப்படியே. 10 மீட்டர் இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. ஏர் பிஸ்டலின் விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் வைத்தபடி சுட்டதைப் பலர் திரை நாயகனின் அலட்சியமாக எண்ணிக் கொண்டாடினார்கள். உண்மையில் சும்மா இருக்கும் கையைப் பையிலோ இடுப்புவாரிலோ நிலைநிறுத்துவது, தோள் ஆடாமல் இருக்க இப்போட்டியாளர்கள் கைக்கொள்ளும் வழக்கமான முறை. எனவே தங்கள் மகள் இப்போது ஒற்றைக் கைப் பிடியையே பழகட்டும். பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து நின்று, கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்கட்டும். குழல் இலக்குக்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றால் கையைத் திருப்பிச் சரிசெய்யாமல் பின்காலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே பயிற்சியாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.